யாராவது போயிருப்பார்கள்!

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் ஒன்றுகூடலில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)

 

விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குச் சென்று, மரம் மரமாய் நடந்து பால் வெட்டி, வெட்டிய பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, அந்த அலுப்போடு இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். உங்களுடைய ஓய்வு நேரத்தை வீணாக்க எனக்கு உரிமையில்லை. மற்றக் கூட்டங்களில் அரசாங்கத் திட்டங்களைப் பற்றிப் பேசுவேன். இன்று திட்டம் எதையும் கொண்டுவரவில்லை. ஒரு கேள்வியைக் கொண்டுவந்திருக்கிறேன். அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவள் பத்து வயதுச் சிறுமி. அதற்குரிய பதிலைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு, ஆசிரியர் பயிற்சியை முடித்துக்கொண்டு, ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான் பணியாற்றி வந்தேன். எல்லாரிடமும் கைத்தொலைபேசி இல்லாத காலம் அது. ஒரு சம்பள நாள் மாலை, ஐந்து மணியிருக்கும். மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக் கொண்டிருந்தேன். லயன் வீடுகளுக்குச் செல்லும் செம்மண் பாதையில், தண்ணீர்த் தொட்டிக்கு அருகே, ஒரு மனிதர் சரிந்து கிடந்தார். பாதையில் ஆள் நடமாட்டம் இருந்தது. கடைக்குப் போவோரும் வருவோருமாகச் சிலர் அவரைக் கடந்து சென்றனர். நான்கைந்து பேர் சற்றுத் தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்தனர். நான் வேகத்தைக் குறைத்தேன். கிடந்தவரைப் பார்த்தேன். பிறகு, நின்றவர்களின் முகங்களைப் பார்த்தேன். ஒரு முகத்திலும் பதற்றம் இல்லை. ‘சம்பள நாள் அல்லவா, போட்டுவிட்டுக் கிடக்கிறார் போலும்’ என்று எண்ணிக்கொண்டேன். வண்டியை முடுக்கிக்கொண்டு போய்விட்டேன்.

அந்த மனிதர் குடித்திருக்கவில்லை. அவரைத் தாக்கியது பக்கவாதம். பொழுது சாய்ந்த பின்னும் தந்தை வீட்டுக்கு வராததைக் கண்டு, அவருடைய மகள் தேடி வந்தாள். அவள் அலறிய அலறலில்தான் ஊர் கூடியது. மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தபோது காலம் கடந்துவிட்டது. உயிர் தப்பியது, வலக்கை திரும்பவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாகப் பால் வெட்டும் கத்தியைப் பிடித்த கை அது.

அந்தச் சிறுமி என் வகுப்பு மாணவி. ஒரு வாரம் கழித்துப் பள்ளிக்கு வந்தாள். ஓய்வு வேளையில் என் மேசையருகே வந்து நின்று, “சார், அன்றைக்கு நீங்கள் அந்த வழியாகத்தானே போனீர்கள்? எங்கள் அப்பாவைப் பார்க்கவில்லையா?” என்று கேட்டாள். அவளுடைய குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டுமென்றுதான் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதேனும் சமாதானம் சொல்லியிருப்பேன். என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

பின்னர் நான் விசாரித்தேன். அன்று அந்தப் பாதை வழியே சென்றவர்கள் இருபது பேருக்குக் குறையாது. கேட்ட ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: “யாராவது போயிருப்பார்கள் என்று நினைத்தோம்.” நானும் அப்படித்தானே நினைத்தேன்!

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். அந்த இருபது பேரும் ஈரமற்ற நெஞ்சினரா? அல்லர். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டு அடுப்பு எரியாமலேயே அனைவருக்கும் சோறு போட்டவர்கள் அவர்கள். ஒரு பெண்ணுக்குத் திருமணம் என்றால் ஆளுக்கு ஐந்தும் பத்துமாய்ச் சேர்த்துக் கொடுத்தவர்கள். இத்தகைய நல்லவர்கள், கண்ணெதிரே விழுந்து கிடந்தவரை எவ்வாறு கடந்து போனார்கள்? இந்தக் கேள்விக்கு உளவியல் அறிஞர்கள் பதில் தேடியிருக்கிறார்கள். மனிதர் தனித்திருக்கும்போது எப்படி நடந்துகொள்கிறார், கூட்டத்தில் இருக்கும்போது எப்படி நடந்துகொள்கிறார் என்பதைச் சோதனைகளின் வாயிலாக அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்தச் சோதனைகள் அமெரிக்காவில் நடந்தவை. ஆயினும் அவற்றைப் படித்தபோது நம் தோட்டத்துச் செம்மண் பாதைதான் என் கண்முன் வந்தது.

அந்த ஆராய்ச்சிகளுக்கு வித்திட்டது ஒரு துயர நிகழ்ச்சி. 1964ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள், நியூயார்க் நகரில், கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் வேலை முடிந்து வீடு திரும்பிக் கொண்டிருந்தார். பின்னிரவு மூன்று மணிக்கு மேல், தம் குடியிருப்புக்கு அருகிலேயே ஒருவனால் கத்தியால் குத்தப்பட்டு மாண்டார். இரண்டு வாரங்கள் கழித்து அந்நகரின் பெரிய செய்தித்தாள் ஒன்று, 38 பேர் அந்தக் கொலையைப் பார்த்துக்கொண்டிருந்தனர், ஒருவரும் காவல்துறையை அழைக்கவில்லை என்று எழுதியது. படித்தவர் அனைவரும் திடுக்கிட்டனர். ‘நகரத்து மக்களின் நெஞ்சம் கல்லாகிவிட்டது’ என்று பலர் பேசினர்.

ஜான் டார்லி, பிப் லட்டானே என்னும் இரண்டு இளம் அறிஞர்கள் அவ்வாறு எண்ணவில்லை. ‘அத்தனை பேர் இருந்தும் ஏன் உதவவில்லை என்று எல்லாரும் கேட்கிறார்கள். அத்தனை பேர் இருந்ததுதான் உதவி வராததற்குக் காரணமாக இருக்குமோ?’ என்று அவர்கள் ஐயுற்றனர். அந்த ஐயத்தைச் சோதித்து, முடிவுகளை 1968இல் வெளியிட்டனர்.

முதல் சோதனையைக் கேளுங்கள். மாணவர்களைத் தனித்தனி அறைகளில் அமர்த்தி, ஒருவரோடொருவர் ஒலிவாங்கி வழியாகப் பேசச் செய்தனர். ஒருவர் மற்றவரைப் பார்க்க முடியாது; குரலை மட்டும் கேட்கலாம். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு குரல் தடுமாறியது. வலிப்பு வந்ததுபோல் திணறி, உதவி கேட்டது. அது முன்னரே பதிவுசெய்து வைத்திருந்த குரல். ஆனால் கேட்டவருக்கு அது தெரியாது. ‘இதைக் கேட்பவன் நான் ஒருவன்தான்’ என்று நம்பியவர்களில், அந்தக் குரல் அடங்குமுன்பே எழுந்து உதவி தேடியவர்கள் நூற்றுக்கு 85 பேர். ‘என்னைத் தவிர வேறு நான்கு பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்’ என்று நம்பியவர்களில் அவ்வாறு எழுந்தவர்கள் நூற்றுக்கு 31 பேர் மட்டுமே. அதே குரல், அதே வேதனை. ‘மற்றவர்களும் கேட்கிறார்கள்’ என்ற எண்ணம் ஒன்றுதான் வேறுபாடு.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. உதவ எழாமல் இருந்தவர்கள் கவலையற்று உட்கார்ந்திருக்கவில்லை. அவர்களில் பலருடைய கைகள் நடுங்கின, உள்ளங்கைகள் வியர்த்தன. சோதனை நடத்துபவர் அறைக்குள் வந்ததும், “அவருக்கு என்னவாயிற்று? நலமாக இருக்கிறாரா?” என்று கேட்டார்கள். மனம் துடித்தது, கால் எழவில்லை. ஏன்? சுமை பங்கிடப்பட்டுவிட்டது. ஒருவருக்கு உரிய பொறுப்பு ஐந்து பேருக்குப் பிரிந்து, ஒவ்வொருவர் தலையிலும் கொஞ்சமாகவே உட்கார்ந்தது.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். குளத்தில் பால் ஊற்றச் சொன்ன அரசனின் கதையை நீங்கள் சிறுவயதில் கேட்டிருப்பீர்கள். இரவோடு இரவாக வீட்டுக்கொரு குடம் பால் ஊற்ற வேண்டுமென்று ஆணை. ‘எல்லாரும் பால் ஊற்றும்போது என் ஒரு குடம் தண்ணீர் யாருக்குத் தெரியப் போகிறது?’ என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். பொழுது விடிந்தபோது குளம் நிறையத் தண்ணீர்தான் இருந்தது! அந்தக் கதையில் வரும் குடிமக்கள் ஏமாற்றுகிறார்கள். நம் பாதையில் சென்றவர்கள் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனாலும் கணக்கு ஒன்றுதான்: எல்லாரும் ‘மற்றவர்’ மீது நம்பிக்கை வைத்தோம், அந்த மற்றவர் யாரென்று யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த சோதனை புகையைப் பற்றியது. ஓர் அறையில் மாணவர்கள் அமர்ந்து வினாத்தாளை நிரப்பிக் கொண்டிருந்தனர். சுவரில் இருந்த துவாரம் வழியாகப் புகை உள்ளே வரத் தொடங்கியது. தனியாக இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் எழுந்து போய்ச் செய்தி சொன்னார்கள். வேறு சிலருடன் இன்னொரு வகையாகச் சோதித்தார்கள். அறையில் அவரோடு இரண்டு பேரை உட்கார வைத்து, புகை வந்தாலும் ஒன்றும் நடவாததுபோல் இருக்கும்படி அவ்விருவரிடமும் இரகசியமாகச் சொல்லி வைத்தார்கள். இந்த முறையில் சோதிக்கப்பட்ட பத்துப் பேரில் ஒரே ஒருவர்தான் எழுந்து போய்ச் சொன்னார். மற்றவர்கள் புகையைக் கையால் விலக்கிக்கொண்டும் இருமிக்கொண்டும் எழுதிக்கொண்டிருந்தார்கள். தங்கள் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய புகை என்றாலும், அருகில் இருந்தவர் அமைதியாக இருந்ததால் இவர்களும் அமைதியாக இருந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சுரீரென்றது. அன்று நானும் கிடந்தவரைப் பார்த்துவிட்டு, அடுத்தபடியாக, நின்றவர்களின் முகங்களைத்தானே பார்த்தேன்! அவர்கள் பதறவில்லை, ஆகவே பதற ஒன்றுமில்லை என்று முடிவுசெய்தேன். ஆனால் அவர்கள் யாருடைய முகத்தைப் பார்த்து அமைதியாக இருந்தார்கள்? தங்களுக்குள் ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்து! கடைசியாக, வண்டியை நிறுத்தாமல் போன வாத்தியாரின் முகத்தையும் பார்த்திருப்பார்கள். ‘வாத்தியாரே போகிறார், ஒன்றும் இருக்காது’ என்று நினைத்திருப்பார்கள். தெரியாதவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, ‘இவருக்குத் தெரிந்திருக்கிறது’ என்று எண்ணிக்கொள்கிறார்கள். கூட்டத்தின் அமைதி இப்படித்தான் பிறக்கிறது.

மூன்றாவது காரணம் அவசரம். 1973இல் டார்லியும் பேட்சன் என்னும் மற்றோர் அறிஞரும் வெளியிட்ட ஆராய்ச்சி இதைக் காட்டுகிறது. கிறிஸ்துவ சமயக் கல்லூரி மாணவர்கள் சிலரை, பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ச் சிற்றுரை நிகழ்த்தும்படி அனுப்பினார்கள். அவர்களில் பாதிப் பேர் பேச வேண்டிய பொருள், வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியன் கதை! போகும் வழியில் ஒரு மனிதர் சுருண்டு கிடந்து இருமும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். ‘நேரம் இருக்கிறது, மெதுவாகப் போகலாம்’ என்று அனுப்பப்பட்டவர்களில் நூற்றுக்கு 63 பேர் நின்று உதவினார்கள். ‘நேரமாகிவிட்டது, விரைந்து போங்கள்’ என்று அனுப்பப்பட்டவர்களில் உதவியவர்கள் நூற்றுக்கு 10 பேர்தான். உதவியைப் பற்றிப் பேசப் போகிறவர்களே, உதவி வேண்டியவரைத் தாண்டிப் போனார்கள். மழை வருமுன் பாலை எடுத்துவிட வேண்டுமென்று ஓடும் நாளில் நம் கண்ணுக்கு மங்கும் வாளியும் தவிர வேறு எது படுகிறது?

நான்காவது காரணத்தைச் சொல்லும்போது நான் தலைகுனிகிறேன். அது, ‘குடித்துவிட்டுக் கிடக்கிறார்’ என்ற தீர்ப்பு. 1969இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நியூயார்க் நகரத்துப் பாதாள ரயிலில் ஒருவர் திடீரென்று விழுவதுபோல் நடித்தார். கையில் ஊன்றுகோலுடன் விழுந்தபோது, 65 முறையில் 62 முறை பயணிகள் தாமாகவே எழுந்து வந்து உதவினார்கள். மதுவாடை வீசக் கையில் புட்டியுடன் விழுந்தபோது, 38 முறையில் 19 முறைதான் அப்படி உதவி கிடைத்தது. இன்னாருக்கு இன்ன துன்பம் என்பது தெளிவாகத் தெரிந்தால், கூட்டம் இருந்தாலும் மக்கள் உதவுகிறார்கள். ‘தானே தேடிக்கொண்ட துன்பம்’ என்று எண்ணிவிட்டால் பாதிக் கைகள் பின்வாங்கிவிடுகின்றன.

ஆனால், அன்பர்களே, கண்ணால் பார்த்தவுடன் குடிமயக்கம் என்று தீர்ப்புக் கூற நம்மால் முடியுமா? நீரிழிவு நோயாளிக்கு இரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்துவிட்டால், அவர் வியர்த்துப்போவார்; நாக்குக் குழறும்; கால் தள்ளாடும்; சொல்வது புரியாமல் விழிப்பார். குடித்தவரைப் போலவே இருப்பார். பக்கவாதம் தாக்கியவருக்கும் பேச்சுக் குழறும். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்தை, நோய் தாக்கிய நேரத்திலிருந்து ஏறக்குறைய நாலரை மணிக்குள் கொடுக்க வேண்டும். அதிலும் எவ்வளவுக்கெவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். நாம் தீர்ப்புக் கூறிவிட்டுக் கடந்து போகும்போது, அந்த நாழிகைகள் கரைந்துகொண்டிருக்கின்றன. அவர் உண்மையிலேயே குடித்திருந்தாலும் என்ன? மயங்கிக் கிடப்பவர் வாந்தி எடுத்து, அது மூச்சுக்குழலை அடைத்தால் உயிர் போகும். குடித்தவருக்கும் வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, ‘மனிதனே இப்படித்தான், என்ன செய்வது?’ என்று நீங்கள் சோர்ந்துவிடக் கூடாது. ஆராய்ச்சியின் மறுபக்கத்தையும் சொல்கிறேன்.

முதலாவதாக, நியூயார்க் நிகழ்ச்சியைப் பற்றிச் செய்தித்தாள் எழுதியது முழு உண்மையன்று. பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், 38 பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள் என்பதற்கு ஆதாரமில்லை என்று கண்டார்கள். பலர் அரைத்தூக்கத்தில் ஏதோ சத்தம் மட்டும் கேட்டவர்கள். ஒருவர் சாளரத்தைத் திறந்து உரக்கக் கத்தியதால் கொலைகாரன் முதலில் விலகி ஓடினான். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர், ஆபத்தையும் பொருட்படுத்தாமல் ஓடிவந்து, குற்றுயிராய்க் கிடந்த அந்தப் பெண்ணைத் தம் கைகளில் தாங்கிக்கொண்டார். அவசர உதவிக்கென 911 என்னும் ஒரே எண் அமெரிக்காவில் அப்போது இல்லை. அது 1968இல்தான் தொடங்கியது. தான் எழுதியதில் பிழைகள் இருந்தன என்பதை அந்தச் செய்தித்தாளே 2016இல் ஒப்புக்கொண்டது. ‘மக்கள் கல்நெஞ்சர்’ என்ற பேச்சு எவ்வளவு விரைவாகப் பரவுகிறது பாருங்கள்! ஓடிவந்து தாங்கிய அந்தப் பெண்ணின் செய்தி பரவுவதற்குப் பல்லாண்டுகள் பிடித்தன.

இரண்டாவதாக, 2019இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. இங்கிலாந்தின் லங்காஸ்டர், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய மூன்று நகரங்களின் தெருக்களில் பொருத்தப்பட்ட கண்காணிப்புக் கேமராக்கள் பதிவுசெய்த 219 சண்டை சச்சரவுகளை அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். பத்தில் ஒன்பது சம்பவங்களில், அருகில் இருந்த ஒருவராவது குறுக்கிட்டு விலக்கவோ உதவவோ செய்திருந்தார். கூடியிருந்தவர்கள் அதிகமானால், அவர்களில் ஒருவராவது முன்வரும் வாய்ப்பும் அதிகமாயிற்று. இது முந்திய சோதனைகளுக்கு மாறுபட்டதாகத் தோன்றலாம். சண்டை என்பது பார்த்தவுடன் புரிகிற ஆபத்து. அங்கே ஐயம் இல்லை. ஆகவே தயக்கமும் குறைகிறது. சத்தமில்லாமல் கிடக்கும் மனிதரிடத்தில்தான் நாம் தடுமாறுகிறோம்.

மூன்றாவதாக, நமக்கென்றே சொன்னதுபோன்ற ஒரு செய்தி. 1969இல் லட்டானேயும் ரோடினும் வெளியிட்ட சோதனையில், அடுத்த அறையில் ஒரு பெண் நாற்காலியிலிருந்து விழுந்து வலியால் முனகும் ஓசையைக் கேட்கச் செய்தார்கள். அறிமுகமில்லாத இருவர் சேர்ந்திருந்தபோது, நூற்றுக்கு 40 இணைகளில்தான் ஒருவராவது உதவச் சென்றார். நண்பர்கள் இருவர் சேர்ந்திருந்தபோது, நூற்றுக்கு 70 இணைகளில் உதவி சென்றது. காரணம் எளிது. அந்நியர்கள் ஒருவர் முகத்தை மற்றவர் திருட்டுத்தனமாகப் பார்ப்பார்கள். நண்பர்களோ, “என்ன சத்தம் அது? வா, போய்ப் பார்ப்போம்” என்று வாய்திறந்து பேசிவிடுவார்கள்.

தோட்டத்தில் நமக்குள் அந்நியர் யார்? ஒருவரையொருவர் அண்ணன், அக்கா, மாமா, சின்னம்மா என்று உறவுமுறை சொல்லித்தானே அழைக்கிறோம்! அந்த உறவு நமக்குப் பெரும் செல்வம். ஆனால் அது வாயைத் திறந்தால்தான் பயன்படும். அன்று தண்ணீர்த் தொட்டியருகே நின்றவர்களில் ஒருவர், “அண்ணன் ஏன் இப்படிக் கிடக்கிறார்? வாங்க, பார்ப்போம்” என்று சொல்லியிருந்தால், மற்ற நால்வரும் அவரோடு நடந்திருப்பார்கள். நானும் வண்டியை நிறுத்தியிருப்பேன். அந்த ஒரு சொல்தான் அன்று பிறக்கவில்லை.

விழுந்து கிடப்பவரைப் பற்றி மட்டும் நான் பேசவில்லை. நாள்தோறும் நம் வாழ்க்கையில் இது நடக்கிறது. பாலத்துப் பலகை உளுத்திருக்கிறது. எல்லாரும் தாண்டிப் போகிறோம். கிராணியிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். லயன் பின்புறக் கால்வாயில் நீர் தேங்கிக் கொசுப்புழு நெளிகிறது. டெங்கி வந்த பிறகுதான் யாரும் சொல்லவில்லை என்பது தெரிகிறது. ஒரு பையன் இரண்டு வாரமாகப் பள்ளிக்குப் போகாமல் கடைப்பக்கம் திரிகிறான், பார்க்காதவர் இல்லை, அவன் தாயிடம் சொன்னவர் இல்லை. நடுஇரவில் அடுத்த வீட்டில் ஒரு பெண் அடிபட்டு அழுகிறாள். பலகைச் சுவர் வழியே பத்து வீட்டுக்குக் கேட்கிறது. பத்து வீட்டிலும், ‘பக்கத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள்’ என்று விளக்கை அணைத்துவிடுகிறோம். பத்து வீடும் இருட்டாக இருப்பதைப் பார்த்து அந்தப் பெண் என்ன நினைப்பாள்? இதில் தவறில்லை என்று ஊரே ஒப்புக்கொண்டுவிட்டதாக அல்லவா நினைப்பாள்?

இனி, நாம் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். ஐந்து விரலில் எண்ணி மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: பிறர் முகத்தைப் பார்க்காதீர்கள்; துன்பப்படுபவரின் முகத்தைப் பாருங்கள். பத்தடி தூரத்தில் நின்று ஊகிப்பதைவிட, அருகில் சென்று, “ஐயா, என்ன செய்கிறது?” என்று கேட்பது மேல். அவர் உண்மையிலேயே போதையில் இருந்து நம்மை ஏசினால், இரண்டு வசவுதான் நமக்கு நட்டம்.

இரண்டு: ‘யாராவது போயிருப்பார்கள்’ என்ற எண்ணம் மனத்தில் எழுந்தால், அதையே எச்சரிக்கை மணியாகக் கொள்ளுங்கள். அந்த ‘யாராவது’ நீங்கள்தான். முன்னரே ஒருவர் சொல்லியிருந்தாலும், இரண்டாம் முறை சொல்வதால் குற்றமில்லை.

மூன்று: உதவி வேண்டுமென்றால் பொதுவாகக் கூவாதீர்கள், பெயர் சொல்லி அழையுங்கள். “யாராவது வாங்களேன்!” என்றால் அந்தச் சொல் கூட்டத்தில் கரைந்துபோகும். “முனியாண்டி, நீ ஓடிப்போய் டிரஸரைக் கூட்டி வா. செல்வி, நீ 999க்குப் போன் போடு. தம்பி, நீ சாலை முனையில் நின்று ஆம்புலன்சுக்கு வழிகாட்டு” என்று சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால், “நீலச் சட்டை போட்டவரே” என்று சுட்டி அழையுங்கள். சிதறிக் கிடந்த பொறுப்பை எடுத்து ஒருவர் கையில் கொடுத்தால், அவர் அதைக் கீழே போடமாட்டார்.

நான்கு: முகம் ஒருபக்கம் கோணுகிறதா, இரண்டு கைகளையும் ஒன்றுபோல் தூக்க முடிகிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் தாமதியாமல் 999ஐ அழைத்து, எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதையும் சொல்லுங்கள். நினைவிழந்தவர் வாயில் தண்ணீரோ சர்க்கரையோ ஊற்றக் கூடாது. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

ஐந்து: தயங்கி நிற்பவரைக் கல்நெஞ்சர் என்று தூற்றாதீர்கள். அவர் மனமும் துடித்துக்கொண்டிருக்கலாம். “வாங்க, நாம் இருவரும் போவோம்” என்று அழையுங்கள்.

இவ்வளவு பேசியும் என்ன பயன் என்று உங்களில் சிலர் எண்ணலாம். பயன் உண்டு, அதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். 1978இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நான் இப்போது சொன்ன செய்திகளையே சில மாணவர்களுக்குப் பாடமாகச் சொன்னார்கள். இரண்டு வாரங்களுக்குப் பின், அவர்கள் போகும் வழியில் ஒருவர் விழுந்து கிடக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். அது சோதனை என்பது அவர்களுக்குத் தெரியாது. இந்தப் பாடத்தைக் கேளாதவர்களில் நூற்றுக்கு 25 பேர் நின்று உதவினார்கள். கேட்டவர்களில் நூற்றுக்கு 43 பேர் உதவினார்கள். எல்லாரும் மாறிவிடவில்லைதான். ஆயினும், ஒரே ஒரு பாடம் இத்தனை பேரைத் திரும்பி நடக்கச் செய்தது. நீங்களும் இன்று அந்தப் பாடத்தைக் கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்.

நான் அந்தச் சிறுமியிடம் அன்று ஒரு பதிலும் சொல்லவில்லை என்றேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு திருமண மண்டபத்தில் அவளைச் சந்தித்தேன். இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள். அவளுடைய தந்தை கடைசிவரை இடக்கையால் தோட்டக் கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்தாராம். அவளிடம் சொன்னேன்: “அம்மா, அன்று நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். உன் அப்பாவைப் பார்த்தேன். வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று போய்விட்டேன். அது என் தவறு.” அவள் சற்று நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, “சார், யாருமே பார்க்கவில்லை என்றுதான் எங்களிடம் எல்லாரும் சொன்னார்கள். பார்த்தேன் என்று சொன்னவர் நீங்கள் ஒருவர்தான்” என்றாள்.

அன்பர்களே, இன்றிரவு இந்தக் கூட்டம் கலைந்து நீங்கள் வீடு திரும்பும்போது, பாதையோரத்தில் யாரேனும் கிடந்தால், உங்களில் எவர் முதலில் நிற்பார்? பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காதீர்கள். நான் உங்கள் ஒவ்வொருவரையும்தான் கேட்கிறேன்.